என் தம்பி போட்ட கோடு

என் தம்பியை இந்தப் பக்கத்தில் எல்லோரும் ‘அரைச்சாண்’ என்றுதான் சொல்வார்கள். பெயரை மட்டும் கேட்டுவிட்டு வருகிறவர்கள் குள்ளமான ஆளைத் தேடுவார்கள். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒருத்தன் கதவு நிலையில் குனிந்து வெளியே வருவான். “நீங்களா?” என்று வாயைப் பிளந்தால், “நானேதான். பேரு உயரத்தைப் பார்த்து வச்சது இல்ல” என்பான். வைத்தது நான். அப்போது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பத்து. சாப்பாட்டு மேசையை இழுத்துப் போட்டால், “அக்கா, அரைச்சாண் இந்தப் பக்கம் தள்ளு, ஜன்னலுக்கு நேரா இல்ல” என்பான். துணி காயப்போடக் கொடி கட்டினால், “அந்த முனை அரைச்சாண் இறங்கியிருக்கு” என்பான். ஒருநாள் பொறுக்க முடியாமல் “போடா அரைச்சாண்!” என்று கத்திவிட்டேன். தெருவில் போன நாலு பேர் காதில் விழுந்தது. ஐம்பது வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவன் நிலத் திட்ட அலுவலகத்தில் வரைவாளர். பக்கத்து டவுனில், தபால் நிலையத்துக்கு மேலே இரண்டு அறை. முதல் அறையில் விண்ணப்பம் கொடுக்க வருகிறவர்களுக்கு ஒரு பெஞ்சு, உள்ளறையில் இரண்டு பெரிய சாய்வு மேசை. ஒன்று இவனுடையது. இன்னொன்று ‘பக்கத்து மேசைக்காரர்’ என்று இவன் சொல்லும் ஒரு நல்ல மனிதருடையது. இருபது வருடம் அருகருகே உட்கார்ந்தும் இரண்டு பேரும் பேசிக்கொண்டது மொத்தம் ஒரு மணி நேரம் தேறாது. கணினி வந்துவிட்டது, கதவளவு பிரிண்டர் வந்துவிட்டது. இருந்தாலும் கடைசிப் படத்தை மெல்லிய தாளில் மைப்பேனாவால் ஒரு தடவை வரைந்து பார்த்தால்தான் இவனுக்கு மனசு ஆறும். கோடு போடும்போது மூச்சை அடக்கிக்கொள்வான். சின்ன வயதில் நான் வேண்டுமென்றே பின்னால் போய் நின்று தும்முவேன். கோடு கோணவே கோணாது. பிடிவாதக்காரக் கை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நடுவில் ஒருத்தியோடு நன்றாகத்தான் பழகினான். அவள் வீட்டு அலமாரி சாய்ந்திருக்கிறது என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அலமாரியை வைத்துக்கொண்டு இவனை அனுப்பிவிட்டாள். அதிலிருந்து டவுனில் ரொட்டிக்கடைக்கு மேலே ஒரு வாடகை அறையில் இருக்கிறான். அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு வீடும் மேட்டு வயலும் எனக்கு வந்தன, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் முற்றம் அவன் பங்குக்குப் போனது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்த முற்றத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம்தான் இருந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. நான் பால் நிலையம் நடத்துகிறேன். வீட்டின் முன்னறைதான் நிலையம். காலையிலும் சாயந்திரமும் பால் ஊற்ற வருகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்பார்கள். வாங்கி, கொழுப்பு பார்க்கும் மிஷினில் சோதித்து, கேனில் ஊற்றி, வண்டியில் ஏற்றுவேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. எனக்கு மூக்கின் மேல் கோபம். தண்ணீர் கலந்த பாலை மிஷின் கண்டுபிடிப்பதற்கு முன்னால் ஆள் முகத்தைப் பார்த்தே நான் கண்டுபிடித்துவிடுவேன், வரிசையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லியும் விடுவேன். அதனால் எனக்கு ஊரில் வேண்டாதவர்கள் கொஞ்சம் அதிகம்.

எல்லாம் அந்தப் பெரிய சாலை வந்ததிலிருந்து ஆரம்பித்தது. நகரத்திலிருந்து மூன்று மணி நேரமாக இருந்த தூரம் ஒன்றரை ஆனது. சனிக்கிழமை ஆனால் கார்கள் வந்து வயலோரத்தில் நிற்கும், கண்ணாடி இறங்கும், “இந்த இடம் கொடுப்பாங்களா?” என்று கை நீளும். ஒரே வருடத்தில் சாலையோரம் பதினாறு வீடு முளைத்துவிட்டது. ஒரு வீட்டு ஆழத்துக்கு மேல் உள்ளே போகாது, எல்லாம் சாலையைப் பார்த்தபடி நீட்டிக்கொண்டே போனது. அப்போதுதான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: பத்து வருடத்தில் இந்தப் பக்கத்தில் ஐந்நூறு வீடு வர வேண்டும், எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று ஒரு திட்டம் போடுங்கள். படம் போடும் வேலை என் தம்பி மேசைக்கு வந்தது.

அவன் வீடு வேண்டாம் என்கிற ஆள் இல்லை. “வீடு வரட்டுங்கா. பிள்ளைங்க எங்க போய் இருப்பாங்க?” என்பான். “ஆனா சாலையோரம் கொடி கட்டின மாதிரி வேணாம். நம்ம பக்கத்துல வீடுங்க எப்பவும் கூட்டமா ஒரு இடத்துல இருக்கும், நடுவுல வயல் திறந்து கிடக்கும். ஐந்நூறு வீட்டையும் அதே மாதிரி வைக்க முடியும். உக்காந்து யோசிக்கணும், அவ்வளவுதான்.”

யோசிப்பது என்றால் இவனுக்கு உட்கார்ந்து யோசிப்பது இல்லை. பையில் ஒரு நோட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் வீடு வீடாகப் போனான். நேராகச் சமையலறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு இரண்டே கேள்வி கேட்பான். “உங்க ஜன்னல்ல இருந்து எது மறையக் கூடாது?” என்று ஒன்று. “உங்க வீட்டுல யாருக்குப் புது வீடு வேணும்?” என்று இன்னொன்று. சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வான், ஒரு எழுத்துக் கூட்ட மாட்டான், குறைக்க மாட்டான். இருநூற்றுப் பதினோரு சமையலறை ஏறி இறங்கினான். எல்லோரும் குடிக்க ஏதாவது கொடுத்ததில் அந்த மூன்று மாதத்தில் அவனுக்கு வயிறு கெட்டுப்போனது.

என் சமையலறைக்கும் வந்தான். என்னவோ என்னை முன்பின் தெரியாத மாதிரி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “உங்க ஜன்னல்ல இருந்து எது மறையக் கூடாதுங்க?” என்றான்.

“உன் மூஞ்சியைத் தவிர எது தெரிஞ்சாலும் சரி.”

“அக்கா, இது ஆபீஸ் வேலை.”

“சரி, எழுதிக்கோ. பால் வண்டி மேட்டு வயல் திருப்பத்துல தெரியணும். அது தெரிஞ்சாதான் நான் கடைசிக் கேனை மூடுவேன். தெரியலைன்னா எப்போ மூடறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“புது வீடு யாருக்கு?”

“வேற யாருக்கு? என் பொண்ணுக்கு. மேட்டு வயல்ல.”

மகள் என்றான், வயல் என்றான், இரண்டையும் எழுதிக்கொண்டான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் மண்டு, அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

என் மகள் நகரத்தில் நர்ஸ். அப்போது ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள். மருமகனுக்கு மோட்டார் ரிப்பேர் வேலை. இரண்டு பேரும் ஒரு அறையும் ஒரு பால்கனியும் உள்ள வீட்டில் இருந்தார்கள், அந்தப் பால்கனியில் என் மருமகன் நின்றால் துணி காயாது, துணி காய்ந்தால் அவர் நிற்க முடியாது. இங்கே வந்து வீடு கட்டிக்கொண்டு, டவுன் ஆஸ்பத்திரியில் இவளும், ஒரு பட்டறை வைத்து அவரும் இருந்துகொள்ளலாம் என்று பேச்சு. அந்த வருடத்துக்குள் இடம் அமையாவிட்டால், மருமகனுக்கு வெளிநாட்டில் ஒரு கம்பெனி வேலை காத்துக்கொண்டிருந்தது. போனால் குழந்தையோடு போவார்கள். பேரப்பிள்ளையை நான் போனில்தான் பார்ப்பேன். வேண்டாத யோசனைகளெல்லாம் வந்து, பால் கேனைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கண் கலங்கிவிடும்.

திட்டத்தின் வரைவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட அன்றே என் தம்பியும் பக்கத்து மேசைக்காரரும் வயல்களில் முளைக்குச்சி அடித்தார்கள். தலையில் சிவப்புச் சாயம் பூசிய, முழங்கால் உயரக் குச்சிகள். கோட்டுக்கு உள்ளே வீடு கட்டலாம், வெளியே வயல் வயலாகவே இருக்க வேண்டும். நாற்பது நாள் குச்சி நிற்கும், எல்லோரும் நடந்து பார்க்கலாம், நாற்பத்தோராவது நாள் பள்ளிக்கூடத்தில் கூட்டம். படத்தைப் பார்த்தால் பாதிப் பேருக்குப் புரியாது, நிலத்தில் நடந்தால் எல்லோருக்கும் புரியும் என்பது இவன் கொள்கை. நான் பலகைப் பக்கமே போகவில்லை. நேராக மேட்டு வயலுக்குப் போனேன். குச்சி வரிசை வயலுக்குக் கீழே, வாய்க்காலை ஒட்டிப் போயிருந்தது. என் வயல் முழுக்க வெளியே.

வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து பார்த்தேன். இரண்டு நிமிடம் கழித்துக் கோபம் வந்தது பாருங்கள், அது நாற்பது நாள் இறங்கவில்லை. சொந்தத் தம்பி. நான் தூக்கி வளர்த்தவன். ஒரு கோட்டை ஒரு வயல் தள்ளிப் போட்டால் எந்த வானம் இடிந்து விழுந்துவிடும்?

அவன் மூன்று தடவை வந்தான். முதல் தடவை கதவைச் சாத்திவிட்டேன். இரண்டாவது தடவை அவன் சைக்கிள் சத்தம் கேட்டதும் பின்வாசல் வழியாகப் போய்விட்டேன். மூன்றாவது தடவை புத்திசாலித்தனமாகப் பால் ஊற்றுகிறவர்களோடு வரிசையில் நின்று ஜன்னலுக்கு வந்துவிட்டான்.

“அக்கா, ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளு. அந்தப் படத்தை…”

“பால் கொண்டாந்திருக்கியா?”

“இல்ல.”

“மாடு இருக்கா?”

“அக்கா…”

“மாடும் இல்ல, பாலும் இல்ல. அடுத்த ஆள் வாங்க!”

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான், ஏறக்கூட இல்லை. அன்றைக்கு எனக்கு அது பெரிய வெற்றியாக இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

குச்சி அடித்த மாதம் உழவு மாதம். இதை அந்த அலுவலகம் யோசிக்கவில்லை. வயலுக்கு நடுவில் குச்சி நின்றால் டிராக்டர் எப்படிப் போகும்? ஆளாளுக்குக் குச்சியைப் பிடுங்கி வரப்பில் வைத்துவிட்டு உழுதார்கள். உழுது முடித்ததும் மரியாதையாகத் திரும்ப நட்டார்கள். பக்கத்து வயல் உருளைக்கிழங்குக்காரர் கண்ணால் பார்த்தே நட்டார், அவருக்கு ஒரு கண்ணில் பார்வை குறைவு. எனக்கு யோசனை வந்தது அவரைப் பார்த்துத்தான். ஒருநாள் மதியம், எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும் நேரத்தில், ஒரு காலிப் பால் கேனுக்குள் சுத்தியலைப் போட்டுக்கொண்டு மேட்டு வயலுக்குப் போனேன். ஐந்து குச்சிகளைப் பிடுங்கி, வயலுக்கு அந்தப் பக்கம், சாலையை ஒட்டி அடித்தேன். என் வயல் அழகாக உள்ளே வந்துவிட்டது. திரும்பி வரும்போது கேனுக்குள் சுத்தியல் டங் டங்கென்று அடித்தது, ஊரையே எழுப்பிவிடும் போலிருந்தது, கேனைக் குழந்தை மாதிரி இடுப்பில் அணைத்துக்கொண்டு நடந்தேன்.

நாற்பத்தோராவது நாள் பள்ளிக்கூட மண்டபத்தில் எள் போட்டால் விழாத கூட்டம். மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்திருந்தார். நரைத்த தலை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. சுவரில் கட்டில் அகலத்துக்குப் படம் மாட்டியிருந்தது. அதன் பக்கத்தில் என் தம்பி, இஸ்திரி போட்ட சட்டையில். நான் மூன்றாவது வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் எழுந்தவர் மனை வியாபாரி. சாலையோரம் பத்து மனை போட விண்ணப்பித்து, கோட்டுக்கு வெளியே விழுந்தவர்.

“மேடம், படத்துல கோடு மேட்டு வயலுக்குக் கீழ போகுது. நல்லா இருக்கு. ஆனா தரையில போய்ப் பாருங்க. குச்சி மேட்டு வயலைத் தாண்டி சாலைகிட்ட நிக்குது. நான் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். அது யாரு வயல் தெரியுங்களா? இதோ நிக்கிறாரே வரைவாளர், அவரோட சொந்த அக்கா வயல். எங்களுக்கு ஒரு சட்டம், அக்காவுக்கு ஒரு சட்டமா?”

மண்டபம் முழுக்கச் சலசலத்தது. அதிகாரி அம்மா போட்டோவை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவர் முகம் இறுகிவிட்டது.

“குச்சி அடிச்சது யாரு?”

“நான்தாங்க” என்றான் என் தம்பி.

“உங்க கையாலயா?”

“என் கையாலதான்.”

“அப்போ இதுக்கு என்ன பதில்? இது சின்ன விஷயம் இல்லைங்க. வேலை போற விஷயம்.”

அவன் கூட்டத்தில் தேடி என்னைப் பார்த்தான். ஒரே பார்வைதான். நான் செய்தது அவனுக்குத் தெரிந்துவிட்டது. என் முகத்தில் ஈயாடவில்லை. அவன் அதிகாரி அம்மா பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு, “என் அளவுல தப்பு நடந்திருக்கலாம் மேடம்” என்றான்.

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. எங்கள் அம்மா செத்த அன்றைக்குக்கூட அழுதுகொண்டே சவப்பெட்டியின் அளவு தப்பு என்று தச்சரிடம் திருத்தச் சொன்னவன். முப்பத்து மூன்று வருட வேலையில் ஒரு கோடு பிசகாதவன். ஊர் முன்னால், எனக்காக, தன் கையைத் தானே பொய்யாக்கிக்கொண்டு நின்றான். எழுந்தது தெரியாமல் எழுந்துவிட்டேன்.

“அவன் அளவுல தப்பா? பொறந்ததுல இருந்து அவன் தப்பா அளந்ததே கிடையாது! அந்த அஞ்சு குச்சியையும் பிடுங்கி நட்டது நான். பால் கேனுக்குள்ள சுத்தியலைப் போட்டு எடுத்துட்டுப் போய் நானே அடிச்சேன். என்ன பண்ணணுமோ என்னைப் பண்ணுங்க. அவனை யாராவது ஒரு வார்த்தை சொன்னீங்க, நாளையில இருந்து ஒருத்தர் பாலும் வாங்க மாட்டேன்!”

மூச்சு வாங்கியது. அப்புறம் பின்னால் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. உருளைக்கிழங்குக்காரர் மெல்ல எழுந்தார்.

“என்னோடது ரெண்டு குச்சிங்க. உழும்போது எடுத்தேன். திரும்ப வைக்கும்போது கொஞ்சம் தள்ளி வச்சிட்டேன்.”

“கொஞ்சம்னா எவ்வளவு?” என்று கேட்டார் அதிகாரி அம்மா.

“ஒரு நாப்பது அடி இருக்கும்.”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. அதற்குப் பிறகு வெட்கம் விட்டுப்போய் ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். ஒருத்தர் வெளியே தள்ளியிருந்தார், ஒருத்தர் உள்ளே இழுத்திருந்தார், ஒரு அம்மா தக்காளிக்குப் பந்தல் போடக் குச்சி போதாமல் மூன்றை எடுத்து நட்டிருந்தார். “குச்சியைத் தொடாதவங்க யாராவது இருக்கீங்களா?” என்று அதிகாரி அம்மா சலித்துப்போய்க் கேட்டார். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருத்தர்தான் கை தூக்கினார். அவருக்கு நிலமே கிடையாது.

சிரிப்பு அடங்கியதும் அதிகாரி அம்மா என் தம்பியிடம், “சரி, படத்துல கோடு ஏன் மேட்டு வயலுக்குக் கீழ போகுது? அதைச் சொல்லுங்க” என்றார். அவன் நோட்டைத் திறந்தான். மேல் வயல்களின் மழைத் தண்ணீர் மேட்டு வயலில்தான் பரவி இறங்குகிறது, அதை மூடினால் கீழே உள்ள ஒன்பது கிணற்றுக்குத் தண்ணீர் குறையும் என்று முதலில் படித்தான். அப்புறம் ஜன்னல்களைப் படித்தான். முப்பத்தெட்டு வீட்டுச் சமையலறையில் அந்தத் திருப்பம் மறையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஒருத்தர் மழை வருவதை அங்கேதான் பார்ப்பாராம். ஒருத்தியின் மகன் வேலை முடிந்து வரும்போது அங்கேதான் முதலில் தெரிவானாம். “பால் நிலையம்” என்று படித்துவிட்டு ஒரு நொடி நிறுத்தினான். “பால் வண்டி மேட்டு வயல் திருப்பத்துல தெரியணும். தெரியலைன்னா எப்போ மூடறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

நான் சொன்னது. எழுத்து மாறாமல். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நான் தரையைப் பார்த்தேன். படத்தில் உள்ளபடியே கோடு நிற்கும், குச்சியைத் திரும்ப அடியுங்கள், அறுவடை முடிந்த பிறகு அடியுங்கள் என்று அதிகாரி அம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டார். மனை வியாபாரியிடம், “அக்காவுக்கும் அதே சட்டம்தான். உக்காருங்க” என்றார்.

சாயந்திரம் மகளுக்குப் போன் செய்து, வயல் கிடைக்காது என்று சொன்னேன். “பரவால்லம்மா. நீ உடம்பைப் பார்த்துக்கோ” என்றாள். சண்டை போட்டிருந்தால் தேவலை. என்னைச் சமாதானப்படுத்துகிற குரலைக் கேட்டதும், இவள் மனசளவில் கிளம்பிவிட்டாள் என்று தெரிந்தது.

மறுநாள் காலைப் பாலை ஏற்றிவிட்டு டவுனுக்குப் போனேன். தபால் நிலையத்துக்கு மேலே அந்தப் படியை நான் அதுவரை ஏறியதே இல்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் வாயைத் திறந்ததும் எனக்குத் தெரிந்த மாதிரிதான் வந்தது.

“ஏன்டா, நான் கதவைச் சாத்தினா நீ ஜன்னல் வழியா கத்தியிருக்கக் கூடாதா?”

“கத்தினேனே. மாடு இருக்கான்னு கேட்ட.”

பக்கத்து மேசைக்காரர் குனிந்து சிரித்தார். என் தம்பி எழுந்து, படத்தை மேசையில் விரித்து, ஒரு கண்ணாடி லென்சை என் கையில் கொடுத்தான். “இதைத்தான் மூணு தடவை சொல்ல வந்தேன். நீ குச்சியைப் பார்த்தே, படத்தைப் பார்க்கவே இல்ல. ஒட்டுறதுக்கு முன்னாடி சொந்தக்காரங்ககிட்ட சொல்லக் கூடாது, அது சட்டம். ஒட்டின பிறகு நீ விடல. இப்போ பாரு.”

லென்சை வைத்துத் தேடினேன். வாய்க்கால் இருந்தது, என் வீடு இருந்தது, பால் நிலையத்துக்கு ஒரு சின்ன முக்கோணக் குறி இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கடுகளவு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினேன்.

“சுரண்டாதே. அது வீடு” என்றான்.

“யாரு வீடு?”

“உன் பொண்ணு வீடு. சாலையோரம் வேணாம்னா ஐந்நூறு வீட்டை எங்க வைக்கிறது? பழைய வீடுங்க பின்னாடி முற்றம் சும்மா கிடக்கு இல்ல, அங்கதான் ஒரு பகுதியை வச்சிருக்கேன். ஒரு முற்றத்துக்கு ஒரு வீடு. மாடி கூடாது, பழைய கூரையைத் தாண்டி உயரக் கூடாது. சொந்த விஷயம்கிறதால இந்தச் சதுரத்தை மட்டும் இவர்தான் வரைஞ்சாரு. கொஞ்சம் சாய்ச்சுட்டாரு. எனக்குத் திருத்த அனுமதி இல்ல.”

பக்கத்து மேசைக்காரர் இருபது வருடத்தில் முதல் தடவையாக அவனை மறுத்து, “நேராத்தான் இருக்கு” என்றார்.

எனக்குச் சந்தோஷம் தலைக்கேறி, இரண்டு பேரையும் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. படியில் பாதி இறங்கிய பிறகுதான் மண்டையில் உறைத்தது. திரும்ப ஏறினேன்.

“டேய். அந்த முற்றம் உன்னோடது.”

“ஆமா. சம்மதக் கையெழுத்து போட்டுட்டேன்.”

“ஒரு முற்றத்துக்கு ஒரு வீடுன்னா நீ எங்கடா கட்டுவ?”

“கட்டல.”

“உனக்கு மட்டும் ரெண்டுன்னு எழுதேன்டா! யாரு கேக்கப் போறாங்க?”

“எழுதினா, நேத்து அந்த மனை வியாபாரி கேட்டதுக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்றான். “ரொட்டிக்கடை மேல நல்லாத்தான் இருக்கு. காலையில வாசனையா இருக்கும். போக்கா, சாயந்திரப் பாலுக்கு நேரம் ஆகுது.”

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். தபால் வாங்க வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மகளும் மருமகனும் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். குழந்தை இங்கே டவுன் ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது, பெண். மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் சமையலறை மேசையில் கட்டம் போட்ட தாளை விரித்து, மகள் வீட்டுப் படத்தை முடித்தாள். என் தம்பி எதிரே உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டிருந்தான். அலுவலகக்காரன் என்பதால் ஒரு கோடுகூடப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

“கோடு போட வேணாம் மாமா. அறைக்குப் பேரு மட்டும் எழுதிக் கொடுங்க. என் கையெழுத்து மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும். பேரு எழுதறது வரையறது ஆகாது.”

அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பேனாவை எடுத்தான். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சமையலறை என்று எழுதினான். கூடம், படுக்கையறை, குளியலறை என்று எழுதினான். அச்சடித்த மாதிரி எழுத்து. சமையலறையை நன்றாகக் குறுக்கி, கிழக்குப் பக்கம் நல்ல ஜன்னலோடு இன்னும் ஒரு அறை இருந்தது.

“இது?” என்றான்.

“தாய்மாமன் அறை” என்றாள்.

“யாரு சொன்னா உன்கிட்ட?” என்று கேட்டான், என்னை முறைத்தான்.

“யாரும் சொல்லல மாமா. அந்த முற்றம் யாரோடதுன்னு எனக்குத் தெரியாதா? எழுதுங்க. எழுதலைன்னா இந்த வீட்டை நான் கட்டல.”

அவன் குனிந்தான். மூச்சை அடக்கிக்கொண்டான். ‘தா’ போட்டான், ‘ய்’ போட்டான். அப்புறம் கை நடுங்கியது. அந்தக் கை நடுங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். மை இழுத்துக்கொண்டு பக்கத்துச் சுவர்க்கோடு வரை போய்விட்டது. வேறு தாளில் எழுதுகிறேன் என்று படத்தை இழுத்தான், நாங்கள் இரண்டு பேரும் விடவில்லை. இழுத்த மையோடேயே மீதியையும் எழுதி முடித்தான். திங்கட்கிழமை அந்தத் தாள் அப்படியே அலுவலகத்துக்குப் போனது, பக்கத்து மேசைக்காரர் ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்திக் கொடுத்தார்.